விவாகரத்தும் குழந்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவித் தன்னார்வலராக உட்கார்ந்திருப்பவள் நான். வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்றவர்களுக்கான கேள்வி பின்னால் வருகிறது. உங்கள் வழக்கின் நுணுக்கங்களுக்கு வக்கீலிடம் நேரில் பேசியே ஆக வேண்டும்.

டைவர்ஸ்னு முடிவு பண்ணிட்டேன். முதல்ல எங்க போகணும்?

வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருந்தால் முதலில் உங்களுக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பான இடம். வழக்கெல்லாம் அதற்கு அப்புறம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தங்கும் உரிமை, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை ஒரே மனுவில் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மனு எழுதவே உதவுவார்.

அந்த நெருக்கடி இல்லையென்றால் முதல் வேலை காகிதம் சேர்ப்பது, இரண்டாவது வக்கீலைப் பார்ப்பது. வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இந்த வழக்குகள் சார்பு நீதிமன்றத்துக்குப் போகும்.

என்னென்ன பேப்பர் எடுத்து வைக்கணும்?

அவசரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வருகிறவர்களிடம் ஆதார் கார்டும் போனும்தான் இருக்கும். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக மாமியார் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கெஞ்ச வேண்டியிருக்கும். சண்டை முற்றுவதற்கு முன்பே செய்தால் இது ஒரு மாலை வேலை.

திருமணத்துக்குப் பதிவுச் சான்றிதழ், அது இல்லையென்றால் பத்திரிகை, போட்டோ, கோயில் அல்லது மண்டப ரசீது. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக் கட்டண ரசீது. பணத்துக்கு இருவரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வீட்டுக் கடன், சீட்டுப் பணம், நகைக் கடை பில், அடகுச் சீட்டு. கைக்குக் கிடைப்பதைப் போட்டோ எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். உங்கள் மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் ரகசியக் குறியீடுகளை மாற்றிவிடுங்கள். எதிர்த் தரப்பின் அசல் ஆவணங்களை எடுத்துக்கொண்டு வராதீர்கள். நகல் போதும்.

இவ்வளவும் எதற்கு என்றால், 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் குறைத்துக் காட்டினால் மறுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

ஊர்ப் பெரியவங்க முன்னாடி ஸ்டாம்பு பேப்பர்ல எழுதி அத்துவிட்டுட்டோம். அது போதாதா?

போதாது. இருபது ரூபாய்ப் பத்திரமோ நூறு ரூபாய்ப் பத்திரமோ, வக்கீலே எழுதிக் கொடுத்ததோ, நோட்டரி முத்திரை போட்டதோ, அதனால் திருமணம் முடிந்துவிடாது. சில சமூகங்களில் வழக்கப்படி பிரிவதை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது லேசில் முடியாது.

இந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டால் இருதார மணக் குற்றமாகலாம். இரண்டாவது துணையும் குழந்தைகளும் சிக்கலில் மாட்டுவார்கள். பத்திரம் எழுதியாகிவிட்டது, இருவரும் பிரிந்தே இருக்கிறீர்கள் என்றால் கவலை வேண்டாம். மியூச்சுவலில், அதாவது இருவரும் சம்மதித்துச் சேர்ந்து போடும் விவாகரத்து மனுவில், முறையாக முடித்துக்கொள்ளுங்கள்.

மியூச்சுவல்னா ஆறு மாசத்துல முடிஞ்சிடுமா?

முடியலாம், சில சமயம் அதற்குள்ளும். 13பி பிரிவுப்படி மனுப் போடும்போது ஓர் ஆண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகை கொடுக்க வழியில்லாமல் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

மனுப் போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதத்தைச் சொல்ல வேண்டும். 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில், ஏற்கெனவே நீண்ட நாள் பிரிந்திருந்து, சமரசத்துக்கு வழியே இல்லாமல், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடித்திருந்தால் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று தீர்ப்பானது. தனியாக மனுப் போட்டுக் கேட்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மறக்காதீர்கள். அதனால் முழுப் பணத்தையும் முதல் நாளே கைமாற்றாமல், ஒரு பகுதியை இறுதி நாளுக்கு வைப்பதுதான் வழக்கம்.

அவர் சம்மதிக்கவே மாட்டேங்கிறார். அப்போ?

அப்போது 13-ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். நடைமுறையில் அதிகம் வருவது கொடுமையும், தொடர்ந்து இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனதும்தான். உடம்பில் காயம் இருந்தால்தான் கொடுமை என்பதில்லை, மன ரீதியான கொடுமையும் கணக்கு. ஆனால் “ஒத்துப் போகலை” என்பது மட்டும் சட்டத்தில் காரணமாக இல்லை. மீளவே முடியாமல் முறிந்துபோன திருமணத்தை ரத்து செய்யும் தனி அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2023-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாவிட்டால், விதிவிலக்கான துன்பம் இருந்தாலொழிய மனுவே போட முடியாது.

சம்மதமில்லாத வழக்கு வருடக் கணக்கில் இழுக்கும். வாய்தா மேல் வாய்தா போகும். அதனால்தான் ஜீவனாம்சத்துக்கும் குழந்தையைப் பார்ப்பதற்கும் இடைக்கால மனுக்களைத் தொடக்கத்திலேயே போடச் சொல்கிறோம்.

நான்தான் வீட்டை விட்டு வந்தேன். அதனால என் கேஸ் வீக் ஆகிடுமா?

நியாயமான காரணத்தோடு வெளியேறுவது “கைவிட்டுப் போனது” ஆகாது. ஆனால் காரணம் பதிவாகியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கான சி.எஸ்.ஆர். ரசீது, அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அன்றிரவு அனுப்பிய செய்தி எல்லாமே உதவும். “சேர்ந்து வாழ வா” என்று 9-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால் கோபத்தில் தூக்கிப் போடாதீர்கள். பதில் கொடுக்காமல், ஆஜராகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பாகிவிடும்.

குழந்தையை இதுவரை வளர்த்தது நீங்கள்தான் என்றால் முடிந்தவரை உங்களோடே அழைத்துப் போங்கள். “அப்புறம் கூட்டிக்கலாம்” என்று விட்டு வந்து மாதங்கள் ஓடிவிட்டால், குழந்தை அங்கே பழகிவிட்டது என்பதே எதிர்த் தரப்பின் வாதமாகிவிடும். அழைத்து வந்த பிறகு எங்கே இருக்கிறீர்கள், எந்தப் பள்ளி, எப்போது பேசலாம் என்று மற்றவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இருக்குமிடம் தெரிந்தாலே ஆபத்து என்ற நிலையில் இதை வக்கீல் மூலமாகச் செய்யலாம். ஒளித்து வைத்தீர்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்கக் கூடாது.

குழந்தை அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட, அதுக்கப்புறம் அப்பாகிட்ட. அதுதானே சட்டம்?

பாதிதான் சரி. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் அப்பாவிடம் ஒப்படை என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. இயற்கைக் காப்பாளர் தந்தை, “அவருக்குப் பின்” தாய் என்ற வரியையும், தந்தை பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் காப்பாளராகலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துப் பொருள் சொன்னது.

நலன் என்று நீதிபதி எதைப் பார்க்கிறார்? என் அனுபவத்தில், பெரிய வீடும் ஏ.சி. அறையும் அவ்வளவு எடுபடுவதில்லை. காலையில் யார் எழுப்பிக் கிளப்புகிறார்கள், பள்ளி டைரியில் யார் கையெழுத்து, பெற்றோர் கூட்டத்துக்கு யார் போகிறார்கள், காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர் என்று யாருக்குத் தெரியும், தாத்தா பாட்டி துணை இருக்கிறதா, ஒருவர் மற்றவரோடு குழந்தையைப் பேச விடுகிறாரா. இந்த அன்றாடத்தைக் குலைக்காமல் வைத்திருப்பவர் பக்கம்தான் காற்று அடிக்கும். அதனால் கஸ்டடிக்குத் தயாராவது என்றால் முதலில் குழந்தையின் அன்றாடத்தைக் காப்பாற்றுவதுதான். அப்பாக்களுக்கும் இதையே சொல்கிறேன். வழக்கு வந்த பிறகு விலை உயர்ந்த சைக்கிள் வாங்கித் தருவதைவிட, இப்போதே வாரம் இரண்டு நாள் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது உங்களுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

எனக்கு வேலை இல்லை. சம்பளமே இல்லாதவகிட்ட குழந்தையை எப்படித் தருவாங்க?

தருவார்கள். வளர்ப்பது ஒரு பொறுப்பு, அதற்குப் பணம் கொடுப்பது இன்னொரு பொறுப்பு. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 125-ஆம் பிரிவு ஜீவனாம்ச வழக்கு இருந்ததல்லவா, அது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. மேலே சொன்ன 2020 தீர்ப்பின்படி, மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட்டுத் தர வேண்டும். தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பையனுக்கு ஒன்பது வயசு. ஜட்ஜ் அவன்கிட்டயே கேட்பாரா? என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுக்கட்டுமா?

கேட்கலாம். கூண்டில் ஏற்ற மாட்டார்கள். நீதிபதி தன் அறைக்கு அழைத்து, பெற்றோரையும் வக்கீல்களையும் வெளியே நிறுத்திவிட்டு, பள்ளியைப் பற்றி, நண்பர்களைப் பற்றிப் பேசுவார். விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த விருப்பம் மட்டுமே முடிவாகாது.

சொல்லிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். “அப்பா குடும்ப வாழ்க்கைக்கு லாயக்கில்லாதவர்” என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொன்னால், அது யாருடைய வாக்கியம் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். வழக்குக்கு வரும் கெடுதலைக்கூட விடுங்கள். ஒரு பெற்றோரைக் காட்டிக்கொடுத்தோம் என்ற எண்ணம் அந்தப் பிள்ளையை விடாது. “கேட்டால் உனக்குத் தோன்றுவதைச் சொல், எது சொன்னாலும் நாங்கள் கோபப்பட மாட்டோம்.” இது மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் பார்க்கலாம்னு ஆர்டர். அதுல என்ன உறவு வளரும்?

பெரும்பாலும் இது இடைக்கால ஏற்பாடுதான். நல்லபடியாகப் போனால் மறுபடி மனுப் போட்டு முழு நாள், பிறகு இரவு தங்குவது, பிறகு பள்ளி விடுமுறையில் பாதி என்று கேட்கலாம். தூரத்தில் இருப்பவர்கள் வீடியோ காலுக்கு நேரம் குறித்து உத்தரவு வாங்கலாம். பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சந்திப்பு நீதிமன்ற வளாகத்தில் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தை யோசித்துத் திட்டமிடுங்கள். பல சந்திப்புகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய பொம்மையோடு வந்து, “அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னா?” என்று தொடங்குகிற அப்பாவிடம் பிள்ளை ஒட்டாது. பாயாசமோ முறுக்கோ டப்பாவில் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து பாம்புக் கட்டம் விளையாடுகிறவரிடம் அடுத்த வாரம் தானாக ஓடி வரும். நேரத்துக்கு வாருங்கள், நேரத்துக்கு விடுங்கள். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர் “போய்ட்டு வா” என்று முகம் கோணாமல் அனுப்புங்கள்.

மியூச்சுவலில் முடிப்பவர்கள் “பார்க்கும் உரிமை உண்டு” என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறார்கள். பின்னால் வரும் சண்டை பாதி அதிலிருந்துதான். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கொண்டுவிடுவது, பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், பிறந்த நாள், முழு ஆண்டு விடுமுறை, பள்ளிக் கட்டணத்தில் யார் எவ்வளவு, ஆபரேஷன் என்றால் யார் கையெழுத்து, பள்ளி மாற்ற இருவர் சம்மதமும் வேண்டுமா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அவர் ஜீவனாம்சம் தரலை. அதனால குழந்தையைக் காட்ட மாட்டேன். சரிதானே?

சரியில்லை. “குழந்தையைக் காட்டலை, அதனால பணம் தர மாட்டேன்” என்பதும் சரியில்லை. இரண்டும் தனித்தனி உத்தரவுகள். காட்டாமல் இருந்தால் நீதிமன்ற உத்தரவை மீறியவராக நீங்கள் நிற்பீர்கள். பணம் வராவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டுச் சம்பளத்தைப் பிடிக்கச் செய்யலாம், சொத்தை ஜப்தி செய்யலாம். 144-ஆம் பிரிவில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அந்தப் பிரிவில் பாக்கியைக் கேட்டு ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்பதால் சேர்த்து வைக்காதீர்கள்.

மொத்தமா ஒரு தொகை தர்றோம், குழந்தைக்கு இனி எதுவும் கேட்க மாட்டேன்னு எழுதிக்கொடுன்னு சொல்றாங்க. எழுதலாமா?

உங்கள் ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அப்படி எழுதினாலும் குழந்தை பிறகு கேட்பதை அது தடுக்காது. பெற்றோர் பிரிந்ததால் பூர்விகச் சொத்தில் பிள்ளையின் பங்கும் போய்விடாது. தொகை தருகிறார்கள் என்றால் குழந்தை பேரில் தனியாக வைப்பு நிதி போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

போட்ட நகை, சீர் எல்லாம் திரும்பக் கிடைக்குமா?

பெண்ணுக்கென்று கொடுத்தது சீதனம், அது அவளுக்கே சொந்தம். 1985-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த விஷயம் இது. பட்டியலும் பில்லும் போட்டோவும் இருந்தால் வாங்குவது சுலபம்.

ஸ்கூல் விட்டு வர்ற வழியில அவர் குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டார். போலீஸ் ஏன் கடத்தல் கேஸ் போட மாட்டேங்குது?

அவரும் பெற்றோர், கஸ்டடி உத்தரவும் எதுவும் இல்லை என்றால் காவல் நிலையத்தில் “கோர்ட்டுக்குப் போங்கம்மா” என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். குழந்தை வழக்கமாக வசித்த ஊரின் நீதிமன்றத்தில் காப்பாளர் சட்டப்படி மனுவும், அதனோடு அவசர இடைக்கால மனுவும் போட வேண்டும். சட்டவிரோதமாக வைத்திருக்கிறார் என்று காட்ட முடிந்தால், சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனுவும் போடலாம். குழந்தை விஷயத்தில் அது செல்லும் என்று 2019-இல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. நாளைக் கடத்தாதீர்கள். காரணத்தை மேலே வீட்டை விட்டு வந்தவருக்குச் சொன்ன பதிலிலேயே பார்த்தோம்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற பயம் இருந்தால் இன்னும் வேகம் வேண்டும். பிள்ளைகளை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. போன பிறகு மீட்பது பெரும்பாடு. பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கவும், அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்றும் முன்கூட்டியே உத்தரவு கேளுங்கள்.

போன்ல பேசினதை எல்லாம் ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன். கோர்ட்ல எடுபடுமா?

கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததை விவாகரத்து வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்சியச் சட்டத்தின் புதிய வடிவத்தில் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். அந்தப் போனை மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் உங்களுக்கே எதிராகத் திரும்பும். அவருடைய மின்னஞ்சலுக்குள் புகுவது, போனில் உளவுச் செயலி போடுவது குற்றம். குழந்தையை அழவைத்தோ பேசவைத்தோ வீடியோ எடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

நாங்க கிறிஸ்டியன். பக்கத்து வீட்டு அக்கா முஸ்லிம். எங்களுக்கும் இதேதானா?

விவாகரத்துக்கான சட்டம் வேறு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதில் மியூச்சுவலுக்கு இரண்டு ஆண்டுப் பிரிவு என்று எழுதியிருக்கிறது. முஸ்லிம் பெண்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போகலாம். ஜமாத்தோ ஷரியத் கவுன்சிலோ தரும் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்கே வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. முத்தலாக் 2019 முதல் குற்றம். பதிவுத் திருமணத்தில் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் அதன்படி. சுயமரியாதைத் திருமணம் இந்து திருமணச் சட்டத்துக்குள்ளேயே, தமிழ்நாட்டின் 7ஏ பிரிவில் வருகிறது. குழந்தை நலன்தான் முதலில் என்பது எல்லோருக்கும் ஒன்றே.

கஸ்டடி அவங்களுக்குப் போயிடுச்சு. இனி மாத்தவே முடியாதா?

முடியும். நம் சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கிலேயே, குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் சூழ்நிலை மாறினால் மாற்றத் தக்கவை என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மியூச்சுவலில் நீங்களே எழுதிக்கொடுத்திருந்தாலும் இது பொருந்தும். வெறும் வருத்தம் போதாது. ஊர் மாறியது, படிப்பு நின்றது, கவனிப்பார் இல்லாதது, குழந்தை வளர்ந்து விருப்பம் மாறியது என்று ஏதாவது மாறியிருக்க வேண்டும். அதுவரை கிடைத்த சந்திப்பு ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

நான் மறுமணம் பண்ணிக்கிட்டா குழந்தையை என்கிட்டேருந்து எடுத்துடுவாங்களா?

மறுமணம் ஒன்றையே காரணமாக வைத்து எடுத்துவிட மாட்டார்கள். தாய் மறுமணம் செய்துகொண்டார் என்பதால் மட்டும் அவர் தகுதி இழப்பதில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய வீட்டில் குழந்தைக்கு இடம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். வரப்போகிறவரைப் பிள்ளைக்கு முன்கூட்டியே, மெதுவாகப் பழக்குங்கள்.

தேதியில் மட்டும் அவசரம் வேண்டாம். போட்டியிட்டு நடந்த வழக்கில் மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். தொண்ணூறு நாள் பொறுத்து, மேல்முறையீடு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நாள் குறிப்பது பாதுகாப்பு. குடும்ப நீதிமன்றத்தில் மியூச்சுவலில் முடிந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. எந்த வகையானாலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனுப் போட்டு இரண்டு பிரதிகளாக வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட் அலுவலகத்திலும் பள்ளியிலும் ரேஷன் கார்டில் பெயர் நீக்கும் இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.